ரோஜா அலங்காரத்துக்கு மதிப்பெண் போடும் முறை

ரோஜா அலங்காரத்துக்கு மதிப்பெண் போடுவது என்பது, வாடத் தொடங்கிவிட்ட ஒரு பொருளுக்கு, அது முழுதாக வாடி முடிவதற்குள், மாற்ற முடியாத தீர்ப்பு ஒன்றை வழங்குவது. மலர்க் கண்காட்சிகளில் இதற்கு இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் காம்போடு கூடிய ஒற்றைப் பூவை மட்டும் பார்ப்பார்கள். மற்றதில் பூ, இலை, குச்சி, கலம் எல்லாம் சேர்ந்த ஜோடனையைப் பார்ப்பார்கள். முதல் பிரிவில் தோற்றால் செடியைக் குறை சொல்லலாம், உரக்கடைக்காரரைக் குறை சொல்லலாம். இரண்டாம் பிரிவில் தோற்றவருக்கு நடுவரை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆகவே இரண்டாம் பிரிவே இங்கு விரிவாகப் பேசப்படுகிறது. முதல் பரிசு எவ்வாறு முடிவாகிறது என்பது உரிய இடத்தில் விளக்கப்படும்.

ரோஜாவுக்கு மட்டுமேயான பெரிய கண்காட்சி முதன்முதலில் 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் நடந்தது. நடத்தியவர் ரெனால்ட்ஸ் ஹோல் என்ற பாதிரியார். அங்கே பூவை மட்டும்தான் பார்த்தார்கள், தகராறு குறைவு. 1861இல் இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கம், விருந்து மேசையில் பழத்தையும் பூவையும் அழகாக வைப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது. தாமஸ் மார்ச் என்பவர் மெல்லிய தண்டில் கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பூ வைத்துப் பரிசை வாங்கினார். அந்தத் தட்டு அவர் பெயரிலேயே கடைகளில் விற்றது. தோற்றவர்கள் பெயரில் எந்தத் தட்டும் விற்பனைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் ஊட்டி மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995இல் அங்கே ரோஜாப் பூங்கா அமைத்தார்கள். உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் ஜப்பானின் ஒசாகா நகரில் அதற்குச் சிறந்த பூங்காவுக்கான விருதை வழங்கியது. ஊட்டியின் பெருமையைக் குறைக்க இதில் எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் மே மாதத்திலும் கம்பளிச் சட்டை போட வைக்கும் ஊரில் ரோஜா நிமிர்ந்து நிற்பதில் ரோஜாவின் திறமை என்ன, வைத்தவரின் திறமை என்ன? உப்பளக் காற்று அடிக்கும் தூத்துக்குடியில் அதே மே மாதத்தில் ஒரு ரோஜாவை நண்பகல் வரை நிறுத்திக் காட்டுபவருக்குத் தனியாகப் பத்து மதிப்பெண் தர வேண்டும். எந்த மதிப்பெண் தாளிலும் அப்படி ஓர் இனம் இல்லை.

ஒற்றைப் பூவுக்கான கணக்கு ஓரளவு ஒழுங்கானது. அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் அட்டவணைப்படி வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் சேர்த்து 20, இதழின் திடத்துக்கு 15, சமநிலைக்கு 10, அளவுக்கு 10, ஆக நூறு. பூ பாதிக்கு மேல் விரிந்திருக்க வேண்டும், முக்காலைத் தாண்டக் கூடாது. நடு மொட்டு இரண்டாகப் பிளந்தது போலத் தெரிந்தால் மதிப்பெண் குறையும். இலைக்குப் பளபளப்பூட்ட எண்ணெய் தடவியது தெரிந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். இதழ்களுக்கிடையே பஞ்சை வைத்து விரிய வைப்பதற்குத் தடையில்லை. நடுவர் வருமுன் பஞ்சை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறப்பவர்கள் இருக்கிறார்கள். பூவுக்குள் பஞ்சைக் கண்ட நடுவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி வேறு எந்தப் பூவைக் கண்டும் தோன்றுவதில்லை.

பூ கிடைக்கும் வழியையும் சொல்லியாக வேண்டும். போட்டிக்கு ஏற்ற நீண்ட காம்பு ரோஜா ஓசூர்ப் பக்கம் விளைகிறது. இருபது பூ ஒரு கட்டு. அட்டைப் பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து விடியும்போது இறங்குகிறது. போட்டி என்று கேட்டதும் பூக்கடை அண்ணாச்சிக்கு முகம் சுருங்கும். “மாலைக்குன்னா சொல்லுங்க, தலைக்குன்னா சொல்லுங்க. மேசையில அஞ்சு மணி நேரம் நிக்கணும்னா நான் என்ன செய்ய, அக்கா?” என்பார். அறுவடை முதல் பரிசளிப்பு வரை இத்துறையில் கேட்கக் கிடைக்கும் நேர்மையான கருத்து இது ஒன்றுதான்.

ஜோடனைக்கு வந்தால் ஒழுங்கு குலைகிறது. நடுவர்கள் பார்க்க வேண்டியவை ஆறு என்று கையேடுகள் சொல்கின்றன: சமநிலை, விகிதம், பருமன் பொருத்தம், லயம், மாறுபாடு, முதன்மை. விகிதத்துக்கு மட்டும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஜோடனையின் உயரம் கலத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. அடிக்கோல் வைத்து அளந்துவிடலாம். மீதி ஐந்தையும் நடுவர் தலையைச் சாய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் லயம், இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தால் சமநிலை. இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கினால் அது முதன்மை.

இதைக் காணும் தூத்துக்குடிக்காரர் எவருக்கும் முத்து நினைவுக்கு வராமல் இராது. இதைவிடச் சிக்கலான பொருளுக்கு, இதைவிடப் பெரிய பணத்தைப் பணயம் வைத்து, இதே கரையில் பல நூற்றாண்டுகள் தரம் பிரித்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த கருவி பத்துச் சல்லடைகள். எல்லாம் பித்தளை, கிண்ண வடிவம். முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000. துளையின் எண்ணிக்கை ஏற ஏறத் துளை சிறுக்கும். இருபதில் தங்கியது பெருமுத்து, ஆயிரத்தில் தங்கியது சிறுமுத்து. விழுந்ததா, தங்கியதா, அவ்வளவுதான் கேள்வி. தன் முத்து உள்ளத்தளவில் பெரியது என்று எந்த வியாபாரியும் வாதாட முடியாது. சல்லடை தலையைச் சாய்த்துப் பார்ப்பதில்லை.

அளவு தெரிந்த பிறகு உருட்சியையும் ஒளியையும் பார்த்து வகை பிரித்தார்கள். இரண்டிலும் குறையில்லாதது ஆணிமுத்து. இரண்டில் ஒன்றில் சற்றுக் குறைந்தது அடுத்த வகை. இரண்டிலுமே சற்றுக் குறைந்தது அதற்கும் அடுத்தது. பிறகு ஒளி மங்கியது, இரண்டாய் ஒட்டிப் பிறந்தது, கோணல் உரு கொண்டது, வளைந்து மடங்கியது என்று இறங்கிக்கொண்டே போய்த் தூளில் முடியும். இவ்வகைப்பாட்டை ரோஜா ஜோடனைக்கு அப்படியே கொண்டுவரலாம். ஒட்டிப் பிறந்த வகையில் அக்காளும் தங்கையும் சேர்ந்து ஒரே கலத்தில் வைத்தவை அடங்கும். எந்தப் பக்கம் யாருடையது என்பது பத்தடி தூரத்திலேயே தெரியும். மடங்கு வகையில், ஓயாசிஸ் பஞ்சை முழுதாக ஊற வைக்காததால் பத்து மணிக்கே தலை கவிழ்ந்தவை. கோணல் வகையில், இகபானா என்ற ஜப்பானிய மலர் ஜோடனை வகுப்புக்குப் போகத் தொடங்கிய முதல் மாதத்தில் வைத்தவை. தூள் வகையில், காரில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டு, பழைய துறைமுகச் சாலையில் உப்பு லாரிக்குப் பின்னால் திடீரென நிறுத்தப்பட்டவை.

வகை பிரித்ததோடு முடியவில்லை. மஞ்சாடி, கழஞ்சு என்று எடை பார்த்தார்கள். நல்ல முத்துக்கு வெறும் எடைக்கு விலை வைப்பதில்லை. எடையை எடையால் பெருக்கி, முத்தின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்துச் செவ்வு என்று ஒரு மதிப்பைக் கண்டு, அதற்கு விலை வைத்தார்கள். சின்ன முத்து நூறு சேர்ந்தாலும் ஒரு பெருமுத்துக்கு ஈடாகாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நடுவர் சிரித்த முகத்தோடு வந்து ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

இனி ரோஜாவுக்குத் திரும்பலாம். திரும்பும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஒன்றுமில்லாமல் போனவர் தன் தலையெழுத்தை நொந்துகொண்டார். தலையெழுத்துக்குக் கைப்பையும் கிடையாது, சங்கத்தில் நெருங்கிய தோழியும் கிடையாது. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பிக்குள்ளே என்ன உருவாக வேண்டும் என்பதைக்கூட முன்கூட்டித் திட்டமிட முடிந்திருக்கிறது. நடுவரின் மனத்தில் என்ன உருவாகிறது என்பதற்கு எந்த ஆராய்ச்சி நிலையமும் பொறுப்பேற்கவில்லை. பத்துச் சல்லடைகளில் ஒன்றையாவது, அந்த இருபது துளைக்காரனையாவது, மலர்ப் போட்டிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கலாம்.

இனி ரோஜா.

நடுவர்கள் இருவராகவோ மூவராகவோ வருவார்கள். போட்டியாளரின் பெயர் தெரியக்கூடாது என்பதற்காகக் கலத்தின் அருகே எண் மட்டும் எழுதியிருக்கும். இந்த ஏற்பாடு பெருநகரங்களுக்குச் சரி. யார் வீட்டுக் குத்துவிளக்கு யாரிடம் இரவல் போயிருக்கிறது என்பது வரை தெரிந்த ஊரில், பித்தளை உருளியைப் பார்த்த உடனே எண் பெயராகிவிடுகிறது. நடுவர்களுள் ஒருவருக்கு மலர் தெரியும். இன்னொருவர் பரிசுக் கோப்பைக்கு நன்கொடை கொடுத்திருப்பார். மூன்றாமவர் கூட்டத் தலைவரை அழைத்து வந்த காரில் இடம் இருந்ததால் வந்தவர். மதிப்பெண் கூட்டும் பொறுப்பு மூன்றாமவருடையது.

ஜோடனைக்குத் தலைப்பு வைப்பது இப்போது கட்டாயம் போலாகிவிட்டது. கரையோர ஊர் என்பதால் தலைப்பில் அலை, கரை, தோணி ஆகியவற்றுள் ஒன்றும், கலத்தில் சங்கு ஒன்றும் இருந்தாக வேண்டும். சென்ற வாரம் நடந்து முடிந்த ஒரு போட்டி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. முதல் பரிசு பெற்றது ஒரு கறுப்புத் தட்டு. அதில் காய்ந்த உடைமரக் கொம்பு ஒன்று, சங்கு ஒன்று, ஒரே ஒரு ரோஜா. தலைப்பு, ‘கரையின் காத்திருப்பு’. ஆறுதல் பரிசும் பெறாதது, மூன்று கட்டு ஓசூர் ரோஜாவை விடியற்காலை நான்கு மணி முதல் முள் நீக்கி, இலை துடைத்து, குறுக்கே நீளும் காம்பு ஒன்றுகூட இல்லாமல், கலத்தின் உயரத்துக்குச் சரியாக ஒன்றரை மடங்கில் நிறுத்திய ஒரு ஜோடனை. அதற்கும் தலைப்பு இருந்தது. நடுவர்கள் அதைப் படிக்கவில்லை என்பது, அட்டை கவிழ்ந்து கிடந்த நிலையிலேயே கடைசி வரை இருந்ததிலிருந்து தெரிகிறது.

ரோஜா ஜோடனைப் பிரிவில் ரோஜாவே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. கறுப்புத் தட்டில் முதன்மை சங்குக்கு. சங்கு இந்தக் கடலில் எடுக்கப்படுவதுதான், அதன் அழகில் குறையில்லை, அதை ஊதவும் செய்யலாம். ஆனால் நடந்தது சங்குக் கண்காட்சி அல்ல. இதை மேடையருகே ஒருவர் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னபோது, “வெற்றிடத்தையும் பார்க்கணும், மேடம்” என்று பதில் வந்தது. வெற்றிடத்துக்கு மதிப்பெண் உண்டென்றால் போட்டிக்கே வராமல் வீட்டில் இருந்தவர்களுக்கு முதல் மூன்று பரிசுகளையும் கொடுத்திருக்கலாம்.

இகபானாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓஹாரா மரபு 1895இல் தொடங்கியது. ஊசித் தட்டில் மூன்று தண்டுகளை மூன்று கோணங்களில் நிறுத்த அங்கே வருடக் கணக்கில் பயில்கிறார்கள். தெருமுனை உடைமரத்தில் ஒரு கொம்பை ஒடித்து வந்ததும் அந்தப் பயிற்சி கைகூடிவிடும் என்ற நம்பிக்கை ஜப்பானில் இல்லை.

தோல்விக்குப் பிந்தைய நடைமுறையும் இத்துறையின் பகுதியே. தோற்றவர் முதலில் வென்றவரைப் பாராட்ட வேண்டும். பிறகு கறுப்புத் தட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுக் குழுவுக்கு, ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்ப வேண்டும். குழுவில் உள்ள மைத்துனி ‘சூப்பர், நீங்க வச்சதா அண்ணி?’ என்று கேட்பார். மூன்று கட்டு ரோஜாவையும் மாலையில் பனிமய மாதா கோயிலுக்கோ சிவன் கோயிலுக்கோ கொடுத்துவிடுவது வழக்கம். இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்கிறார்கள். லயம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். முடிவு அறிவித்ததும் மதிப்பெண் தாளைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகாமல், ஒவ்வொரு கலத்துக்கும் அருகே அதற்குரிய தாளை வைத்துவிட்டுப் போகலாம். ஆறு இனம், ஆறு எண், அடியில் நடுவரின் பெயர். கூட்டல் ஒருமுறை சரிபார்க்கப்பட்டிருந்தால் நல்லது.