முகாம்வாசிகளின் படுக்கையிடத் தேர்வும் அதன் நினைவுப் பயனும்: ஓர் ஆய்வு

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் என்பது, காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின்படி, கல்லூரி மாணவர்கள் தாம் தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் தங்கித் தொண்டாற்றுவதாகும். அந்நாட்களில் சீமைக்கருவேலம் வெட்டியதும் வாய்க்கால் தூர்வாரியதும் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும் புகைப்படங்களுடன் அறிக்கையில் ஏறிவிடுகின்றன. ஆயினும் அதே தொண்டர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டுப் பந்தியில் கூடும்போது வாய்க்காலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. யார் எங்கே படுத்தார் என்பதே பேச்சாக இருக்கிறது. இதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பிய மரபையொட்டி நோக்கின், முகாமின் முதற்பொருள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி வகுப்பறையும் பின்னிரவும். கருப்பொருள் அண்டா, கரண்டி, கொசுவர்த்திச் சுருள், ஊருக்கே பொதுவான ஒரு நாய். உரிப்பொருள், அதாவது அத்திணைக்கே உரிய ஒழுக்கம், உறங்காமை. தொண்டர் அணியும் சின்னத்தில் உள்ள கோனார்க் தேர்ச்சக்கரத்தின் எட்டு ஆரக்கால்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் குறிப்பன என்பதால், இவ்வொழுக்கத்திற்கு அலுவல்முறை ஒப்புதலும் உண்டெனக் கொள்ளலாம்.

படுக்கையிடங்களுள் தலையாயதாகக் கருதப்படுவது மின்விசிறிக்கு நேர்கீழான இடமாகும். முதல் நாள் மாலை, ஊராட்சித் தலைவர் தொடக்க உரையை முடிக்கும் முன்பே மூன்றாமாண்டு மாணவர்கள் அங்கே பாயை விரித்துவிடுவர். ஆனால் அங்கே படுத்தவர் நன்றாக உறங்கிவிடுவதால், பிற்காலத்தில் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருப்பதில்லை. மாறாக, வேறிடமின்றி வாசற்படியோரம் முடங்கியவரை, இரவெல்லாம் வெளியே போவோரும் வருவோரும் மிதித்துச் செல்கின்றனர். எவர் எத்தனை முறை போனார், எவர் டார்ச் விளக்கின்றிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார், திட்ட அலுவலர் கண்ணயர்ந்தபின் எவர் சுவரேறிப் புரோட்டாக் கடைக்குச் சென்றார் என்பன அனைத்தும் அவர் ஒருவருக்கே தெரியும். முகாமின் மெய்யான வரலாற்றாசிரியர் அவரே. சமையற்கொட்டகை அருகே படுத்தவர், விடிவதற்கு முன்பே வெங்காயம் உரிக்க எழுப்பப்படுவதால் அவருக்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கவர். சன்னலோரம் குறித்துக் கொசுவைத் தவிரக் கூறுதற்கு ஏதுமில்லை. மாணவியர் அறையின் வரலாறு தனியாக ஆராயத்தக்கது. அங்கே கள ஆய்வு செய்யத் திட்ட அலுவலர்கள் இசைவதில்லை.

அவதியே நினைவுக்கு முதல் என்னும் இக்கொள்கைக்குப் பழைய சான்றும் உண்டு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வரும் பாசறை, அதாவது போர்க்காலப் படைமுகாம், முள்வேலியும் தழை வேய்ந்த குடில்களும் பொழுதளக்கும் நாழிகை வட்டிலும் யவனக் காவலரும் உடையது. நம் வகைப்பாட்டின்படி மின்விசிறிக்கு நேர்கீழான இடம் அரசனுக்கே வாய்த்திருந்தும், புண்பட்ட யானைகளையும் மடிந்த வீரரையும் எண்ணி அவன் உறங்கவில்லை. அவன் உறங்கியிருப்பின், பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய அந்நூலின் 103 அடிகளும் மேலும் குறைந்திருக்கும்.

இனி எஞ்சுவது பாம்புச் சிக்கல். ஏறத்தாழ ஒவ்வொரு முகாமிலும் ஓரிரவு பாம்பு ஒன்று தோன்றுகிறது. முகாம் முடியும்வரை அது தண்ணீர்ப் பாம்பாகவே இருக்கிறது; பட்டமளிப்பு விழாவுக்குள் சாரையாகிறது; தொண்டர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலத்தில் படமெடுத்த நல்லபாம்பாகி, சொல்பவரின் தலையணைக்கே வந்து சேர்கிறது. மின்விசிறிக்குக் கீழே உறங்கியவர்களே இந்நல்லபாம்பை மிகுதியாகக் கண்டுள்ளனர் என்பது மேற்கூறிய கொள்கைக்கு முரண்போலத் தோன்றினும், சொல்வதற்கு ஏதுமில்லாதவர் பிறரது பாம்பைக் கடன் வாங்குவது இயல்பே. வாசற்படியில் படுத்தவரோ அன்றும் இன்றும் அது சைக்கிள் டியூப் என்றே கூறிவருகிறார். அவரது கூற்றை எப்பந்தியிலும் எவரும் ஏற்றதில்லை.