மணப்பாறைச் சித்தப்பா

தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. அதில் பத்திலாவது நமக்கு ஒரு சித்தப்பாவோ அத்தானோ பெரியம்மா மகனோ இருப்பார். வண்டி ஒழுங்காக ஓடுகிற வரை அவர் ஞாபகம் நமக்கு வராது. அவர் ஊர் பைபாஸில் இருபது தடவை போயிருப்போம். ஒரு தடவையாவது உள்ளே திரும்பி ஒரு வாய் காப்பி குடித்திருப்போமா? மாட்டோம். ‘நேரமாயிடுச்சு, வரும்போது பாத்துக்கலாம்’ என்போம். வரும்போது இருட்டியிருக்கும். அவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. நம்முடைய கார் என்றைக்காவது ஒரு நாள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

என் கார் 2022 மே மாதம் நின்றது. கத்திரி வெயில். சென்னையிலிருந்து மதுரைக்கு மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விராலிமலையைத் தாண்டும்போது டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. “ஏ.சி.யை அணைச்சாப் போயிடும்” என்றேன். என் மனைவிக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றித் தெரியும். “ஓரங்கட்டுங்க” என்றாள். நான் கட்டவில்லை. ரெண்டு கிலோமீட்டர் போனதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, பானட்டுக்குள்ளிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. அப்புறம் கார் தானாகவே ஓரங்கட்டிக்கொண்டது.

நான்குவழிச் சாலை போட்டபோது புளியமரங்கள் போய்விட்டன. இருந்த ஒரே நிழல், மதுரைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய பலகையின் நிழல். அதன் நீளத்துக்குள் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ரேஷன் கடை வரிசை போல நின்றோம். வெயில் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். 1033-க்குப் போன் போட்டேன். ரோந்து வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வர நேரமாகும் என்று அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

நாலு நிமிஷத்தில் போன் அடித்தது. ‘ஹலோ’ எல்லாம் இல்லை.

“எங்கடா நிக்கிற?”

“சித்தப்பா, ஒண்ணுமில்ல, சின்ன...”

“மலைக்கு அங்கிட்டா, இங்கிட்டா?”

“அங்கிட்டுதான். ஆனா 1033-க்குச் சொல்லியிருக்கேன், வந்துருவாங்க...”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “நம்பருக்குப் போடத் தெரியுது. சித்தப்பனுக்குப் போடத் தெரியல. அங்கனயே நில்லு” என்று வைத்துவிட்டார். நில்லாமல் நான் வேறு என்ன செய்துவிட முடியும்?

சித்தப்பா என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை. அப்பாவின் சித்தப்பா மகன். ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொல்லலாம். அவர் எதிரில் சொல்ல முடியாது. “அதென்னடா ஒன்னு விட்ட? நான் எதையும் விடல” என்பார். மணப்பாறையில் இரும்புக்கடை வைத்திருந்தார். இப்போது கடையைப் பையன் பார்க்கிறான். இவர் ஊரைப் பார்க்கிறார்.

முக்கால் மணி நேரத்தில், எதிர்த்திசையில், சாலையின் ஓரத்திலேயே ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்தது. முன்னால் காலிடுக்கில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஹேண்டிலில் ஒரு தூக்குவாளி, ஒரு மஞ்சள் பை. பின்னால் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக். இவ்வளவுக்கும் நடுவில் சித்தப்பா. உதவிக்கு வருகிற உறவினருக்கு ஒரு மரபு உண்டு: முதலில் திட்டிவிட்டுத்தான் எதையும் தொடுவார். வாழ்த்துப் பாடாமல் கச்சேரி தொடங்குமா?

“வெளக்கு எரிஞ்சதுல்ல? எரிஞ்சப்பவே ஏன் நிறுத்தல?”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். அந்த நாகரிகத்துக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சித்தப்பா காரைப் பார்த்த விதத்தில் அது தெரிந்தது. முன்னால் போய் நின்றார். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். டயரை உதைத்தார். ஹெட்லைட்டை, பல் பிடித்துப் பார்ப்பது போல விரலால் தடவினார். “என்ன வயசு?” என்றார். பதினொன்று என்றேன். “பதினொன்னு மாதிரி தெரியலயே” என்றார். யாரோ என்னை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஷோரூமில் புதிதாக எடுத்தது என்று சொன்ன பிறகும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போன என்னை மட்டும் சட்டென்று தள்ளிவிட்டார். “மொகம் வெந்துரும்டா” என்றபோது அவர் குரலில் திட்டு இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் திட்டில்லாமல் இருந்தது.

மெக்கானிக் தம்பி குனிந்து கையை விட்டு, கந்தலான ஒரு ரப்பர் பட்டையை வெளியே எடுத்தார். ஃபேன் பெல்ட். இந்தக் காரில் அந்த பெல்ட் ஃபேனைச் சுற்றுவதே இல்லை. ஃபேன் கரண்டில் ஓடுகிறது. பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும். அதனால்தான் அறுந்ததும் முதலில் பேட்டரி விளக்கு எரிந்தது, பிறகு கொதித்தது. ஆனாலும் அதற்குப் பெயர் ஃபேன் பெல்ட்தான். உறவு முறையும் அப்படித்தானே, எப்போதோ வைத்த பெயர், வேலை மாறினாலும் பெயர் மாறுவதில்லை. எங்கள் சித்தப்பா சில சமயம் தாய்மாமன் வேலை பார்ப்பார். பெரும்பாலும் மாமியார் வேலை.

அதற்குள் ரோந்து வண்டி வந்தது. அதிலிருந்தவர் ஆரஞ்சுக் கூம்புகளை எடுத்து ஒழுங்காகப் பின்னால் வரிசை வைத்தார். சித்தப்பா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “நீ நம்ம ஆசாரி மயன்தான?” என்றார். ஆமாம். ஆசாரி மகன்தான். அந்த நொடியிலிருந்து அரசாங்க உதவியும் சித்தப்பா செய்த உதவியாகிவிட்டது. தூக்குவாளி மோரில் ஆசாரி மகனுக்கும் ஒரு டம்ளர் போனது.

மெக்கானிக் புது பெல்ட் மாட்டும்வரை காத்திருந்த நேரத்தில், தெரிகிற மலையைக் காட்டிச் சித்தப்பா பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் எப்படி வந்தது என்கிற கதை. கருப்பமுத்துப் பிள்ளை என்று ஒரு பக்தர். கோயிலுக்கு வருகிற வழியில் மழை, ஆற்றில் வெள்ளம், குளிர் நடுக்கம், கையில் சுருட்டும் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர் சுருட்டும் நெருப்பும் கொடுத்துக் கோயில் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டு மறைந்துபோனார். யாரென்று அப்புறம்தான் பிள்ளைக்குப் புரிந்தது. அன்றைக்குப் பிடித்த வழக்கம், முருகனுக்கு இன்றும் சுருட்டு.

“வழியில நின்னவனுக்கு ஒத்தாச பண்ணுனது சாமி. அவரே வேண்டாம்னு சொல்லல, வாங்கிக்கிட்டாரு” என்று முடித்தார். எதற்காகச் சொன்னார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மெக்கானிக் கூலியும் பெல்ட் விலையும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு கேட்டார். சித்தப்பா தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டார். துண்டுக்குள் விரல்கள் என்ன பேசினவோ, முந்நூறு ரூபாய் குறைந்து வெளியே வந்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

“உள்ள வைடா.”

“இல்ல சித்தப்பா, அது எப்படி...”

“உள்ள வைன்னு சொன்னேன்.”

அவரே கொடுத்துவிட்டார். என் வீழ்ச்சி அந்த இடத்தில் தொடங்கியது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை அன்றைக்கே கொடுத்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். வாங்கமாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் கடனுக்குத் தவணை உண்டு, வட்டி உண்டு. முடிவு மட்டும் கிடையாது.

பிள்ளைகள் “தேங்க்யூ தாத்தா” என்றார்கள். சிரித்துக் கன்னத்தைக் கிள்ளினார். அந்தத் தைரியத்தில் நானும், “ரொம்ப நன்றி சித்தப்பா” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “யாருக்குடா நன்றி சொல்ற? நான் என்ன மேடையிலயா உக்காந்திருக்கேன்?” என்றார். என் மனைவி இடையில் புகுந்து, “மாமா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறோம்” என்றாள். உடனே மலர்ந்துவிட்டது. “அது பேச்சு. தாயி வெவரம்” என்று டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளப்பினார். எங்கள் வழக்கத்தில் நன்றி என்பது வாயால் சொல்வதில்லை, வயிற்றால் சொல்வது.

ஒரு வாய் என்பது மூன்று பந்தி. சித்தி நாட்டுக்கோழி அடித்துவிட்டார். சாப்பிட்டு முடித்தால் மணி நாலரை. “சூட்டோட சூடா வண்டி எடுக்கக்கூடாது” என்று ராத்திரி தங்கவைத்தார். காருக்கா எங்களுக்கா, எதற்குச் சூடு ஆறவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் கிளம்பும்போது டிக்கியில் நாலு டப்பா முறுக்கு, ஒரு மூட்டை வேர்க்கடலை, இரண்டு பூசணிக்காய். கிரகப்பிரவேசத்தைத்தான் கோட்டை விட்டோமே, உடைப்பதற்காவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அறுந்த பெல்ட்டை மட்டும் மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது தெரிந்தது. கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் கேட்பார்கள், “இதென்னங்க?” அது போதும். கதை கிளம்பிவிடும். காலை பதினொன்றரைக்கு நின்ற கார் முதல் வருஷம் சாயங்காலம் நின்றது. அடுத்த வருஷம் நடு ராத்திரி. மெக்கானிக் கதையிலிருந்து இறங்கிவிட்டார். சித்தப்பாவே குனிந்து மாட்டினார். ஆசாரி மகன் மட்டும் தன் இடத்தை விடாமல் இருந்தான், கதைக்குச் சாட்சி வேண்டுமல்லவா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “இவன் அழுதுட்டான்” என்றார். நான் மறுக்கலாம். மறுத்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஞாபகம் வருகிறது. தலையை ஆட்டினேன். இப்போது எனக்கே லேசாக அழுத ஞாபகம் இருக்கிறது.

ஈடுகட்ட நானும் பார்த்தேன். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து இரண்டு கிலோ இனிப்பு அனுப்பினேன். பதிலுக்கு அரை மூட்டை அரிசி வந்தது. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மனைவிக்கும் துணி வந்தது. 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது போன் செய்து, “நான் ஒனக்கு முன்னாடியே குடுத்தேன்ல?” என்றார். இப்போது திருச்சி வழியாக எங்கே போனாலும் மணப்பாறைக்கு வண்டியைத் திருப்பாமல் போக முடியாது. கூகுள் மேப் ‘திரும்பிச் செல்லவும்’ என்று கெஞ்சும். என் மனைவி அதன் வாயை அடைத்துவிடுவாள்.

போன வருஷம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. இந்தத் தடவை விட்டுவிடக்கூடாது என்று ஐயாயிரத்து ஒன்று கவரில் போட்டுக்கொண்டு போனேன். மொய் எழுதும் இடத்தில் நோட்டும் மஞ்சள் தடவிய பேனாவும் இல்லை. ஒரு பையன் மடிக்கணினியும் சின்ன பிரிண்டரும் வைத்து உட்கார்ந்திருந்தான், கம்ப்யூட்டர் மொய். பணம் கொடுத்தால் பஸ் டிக்கெட் போல ரசீது வரும். பெயரைச் சொன்னேன். அது தாத்தா பெயர். எங்கள் வகையறாவில் ஏழு பேர் அதைச் சுமக்கிறோம். பையன் திரையைப் பார்த்துவிட்டு, “இதே பேர்ல ஏற்கெனவே மூணு பேர் எழுதியிருக்காங்க சார். ஏதாவது அடையாளம் சொல்லுங்க. வேலை, பட்டப்பேரு, எதுன்னாலும் போட்டுக்கலாம்” என்றான்.

என் உத்தியோகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த, நான் இதுவரை பார்த்தே இராத ஒரு பெரியவர் முந்திக்கொண்டார். “அட, இவருதாம்ப்பா அவரு” என்றார். பையனுக்கும் புரிந்துவிட்டது. விசைப்பலகையில் படபடவென்று தட்டினான். பிரிண்டர் ஒரு முனகலோடு சீட்டைத் துப்பியது.

சென்னை. ரூ. 5,001. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: கார் நின்றவர்.

“எழுத்துப் பிழை ஏதும் இருக்கான்னு பாத்துக்கங்க சார்” என்றான்.

பார்த்தேன். இல்லை.