பீங்கான் படித்தவருக்கு ஸ்மார்ட் பல்பில் வேலை உண்டா?

கேள்வி: விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் பையனுக்கு, செல்போனில் சொன்னால் எரியும் ஸ்மார்ட் விளக்குத் துறையில் இடம் உண்டா?

பதில்: ஆப் எழுதுகிறவர்கள் இருக்கட்டும், பல்பைக் கழற்றிப் பாருங்கள். 2012இல் வந்த பிலிப்ஸ் ஹியூ உட்பட இந்த பல்புகளில் ஒளி தருவது எல்.இ.டி.தான். அதற்குச் சூடு ஆகவே ஆகாது. அதனால் அதிகத் திறன் எல்.இ.டி. சிப்புகள் பலவற்றை அலுமினா, அலுமினியம் நைட்ரைடு போன்ற பீங்கான் தகட்டில் உட்கார வைக்கிறார்கள். அது வெப்பத்தை வெளியே அனுப்பிவிடும்; மின்சாரத்தை மட்டும் விடாது. கறாரான வாட்ச்மேன்!

மின்காப்பான்களுக்கும் அகல் விளக்குக்கும் பேர்போன ஊருக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கல்ல. ஆனால் பொம்மைக் களிமண் வேறு, தூய அலுமினா வேறு; பின்னதற்குச் சுமார் 1,600 டிகிரி சூளை வேண்டும்.

பையனைக் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.