பாட்டுக்கு மச்சம் பாக்குத பெட்டி

வாங்க மருமவனே. டீக்கடைப் பாட்டுக்குச் செல்லு பேரு சொல்லிட்டுன்னு ரொம்பத்தான் குதிக்கீக. அதுக்குச் சங்கீத ஞானமே இருக்குன்னு வேற சொல்லுதீக. சரி, அதே பாட்டை உங்க வாயால, பேரு சொன்ன அந்த ஷஸாம் ஆப்புகிட்டப் பாடிக் காட்டுங்க. முழிக்கும். உங்க குரலைக் கேட்டா மனுசரே முழிப்பாக, அது வேற விசயம்.

அதுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டுல அங்க மச்ச அடையாளம் எழுதுவாகல்ல, அம்புட்டுத்தான் அது படிப்பு. நேரம் ஒரு பக்கம், அதிர்வெண்ணு ஒரு பக்கம்னு சத்தத்தைப் படமாப் போட்டு, ஓங்கி நிக்கிற புள்ளிகளை மட்டும் வச்சிக்கிடும். கடை எரைச்சல், பஸ்ஸு ஆரன் எது வந்து விழுந்தாலும் ஓங்குன புள்ளி கொஞ்சமாவது தப்பிச்சிரும். பெறகு ரெண்டு ரெண்டாச் சோடி சேக்கும். இந்தப் புள்ளியோட அதிர்வெண்ணு, அந்தப் புள்ளியோடது, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நேரம்: மூணையும் ஒரே எண்ணாக் கட்டி, ஏற்கெனவே எழுதிவச்ச பேரேட்டுல தேடும். ஒரு சோடி ஒத்துப்போனா நம்பாது. அது எந்தப் பாட்டுலயும் கெடக்கும். சோடி மேல சோடியா, அதே வரிசையில, அதே கால இடைவெளியில ஒத்து வந்தாத்தான் வாயைத் தொறக்கும்.

ஏவரி வாங்னு ஒருத்தர் 2003ல இதை விவரமா எழுதி வச்சிருக்காரு. சேவை அதுக்கு முந்துன வருசமே பிரிட்டன்ல வந்தாச்சு. ஆப்பு கீப்பெல்லாம் ஏது அப்ப? 2580க்குப் போன் போட்டுப் பாட்டுப் பக்கம் நீட்டணும். அரை நிமிசத்துல லைனு தானாக் கட்டாகி, குறுஞ்செய்தியில பேரு வரும். பித்தான்ல நடுவரிசை நேரா மேலருந்து கீழ அமுக்குனாப் போதும். பாருக்குப் போயி வாரவுக வெரலுக்குத் தோதா வச்சாகளோ என்னமோ!

முணுமுணுத்தா மெட்டைப் பிடிச்சுத் தேடுத வித்தையை 2020ல கூகிள் கொண்டாந்திருக்கு. உங்க தொண்டையை அங்க கொண்டுபோங்க.

ஷஸாமுக்கோ, ஒரே பாடகர் அதே பாட்டை மறுக்காப் பாடுனாலும் மச்சம் மாறிரும். அதனாலதான், நேர்ல பாடுதேன்னுட்டு ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைக்கிறவுகளை இதை வச்சே பிடிச்சிரலாம்னு அந்த வாங்கே எழுதியிருக்காரு. வார ஐப்பசியில உங்க மச்சினன் கலியாணக் கச்சேரியில நீட்டிப் பாருங்க. செல்லு முழிச்சா நல்லாக் கைதட்டுங்க. டக்குன்னு பேரைச் சொல்லிட்டா, பந்தி முடியுத வரைக்கும் மூச்சு விடாதீக. கச்சேரிக்குக் காசு குடுத்தது உங்க மாமனாரு.