அரசாங்கம் என்ன பால்?

அந்தக் காலத்தில் கூடலூரில் அகராதி என்றால் லிப்கோ. அது இருந்த வீடு படிக்கிற வீடு. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே மரியாதையோடு இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் என்., வி.டி., வி.ஐ. என்று பொடி எழுத்துகள். இவை என்ன என்று சொல்லும் முன்பக்கத்தைக் கரையான் எப்போதோ தின்றிருந்தது. வகுப்பில் கேட்டால், "அதை விட்டுட்டு அர்த்தத்தை எழுதுடா" என்று பதில் வரும்.

குறுக்கம் தெரியாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் சனம் எங்கள் சனம். ஏ.ஜி.இ.பி. என்றால் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு', அதாவது முதல்தரப் பருமன் காய் என்று போடி ஏல வியாபாரத்தில் இருக்கிறவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். காய் விளைவது இடுக்கி மலையில். பெயரில் இருப்பதோ ஒரு காலத்தில் மலைச்சரக்கு போய்ச் சேர்ந்த துறைமுகமான ஆலப்புழை. அந்த வழக்கம் எப்போதோ மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. காசு புழங்கும் இடத்தில் குறுக்கம் விளங்காமல் போவதில்லை.

இப்போது அக்கா மகள் ஐண்ட்ஹோவனில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் டச்சு வகுப்பு. ஒருநாள் அகராதிப் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா, ரெஹேரிங்னா கவர்மெண்டு. பக்கத்துல 'வி'ன்னு போட்டிருக்கான். கவர்மெண்டு எப்படி மாமா வெர்பு ஆகும்?"

"அது வெர்பு இல்ல தாயி, பொம்பள."

டச்சு அகராதியில் 'வி' என்றால் பெண்பால், 'எம்' ஆண்பால், 'ஓ' இரண்டுமல்லாத நடுப்பால். வினைச்சொல்லுக்கு இரட்டை டபிள்யூ, பெயர்ச்சொல்லுக்கு இசட்.என். போடுவார்கள். 'எம்.வி.' என்று பார்த்தால் கணவனும் மனைவியும் என்று எண்ண வேண்டாம்; அது வெறும் பன்மை. 'வி'க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எம்' இருந்தால்தான் வேடிக்கை: அந்தச் சொல் பெண், ஆனால் ஆணாக நடத்தினாலும் குற்றமில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் முன்னால் 'டெ' வரும், நடுப்பாலுக்கு 'ஹெட்'. இரண்டுக்கும் 'டெ' ஒன்றே என்பதால் நெதர்லாந்தின் வடக்கே பெரும்பாலோர் பேச்சில் எது ஆண், எது பெண் என்ற கணக்கு கரைந்துவிட்டது. பெல்ஜியத்துப் பக்கம் போனால் இன்னும் பேச்சில் அது உண்டு. அகராதியோ விடாமல் அச்சடிக்கிறது. அதுவும் ஓர் ஆலப்பிதான்.

பெண்பிள்ளையைக் குறிக்கும் 'மெய்ஸ்யெ'வுக்கு நேரே 'ஓ' இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நாங்க என்ன ஆடா மாடா?" குறுக்கிச் செல்லமாகச் சொல்லும் 'யெ' விகுதி ஏறினால் எந்தச் சொல்லும் நடுப்பால்தான், செல்லத்துக்குக் கொடுக்கும் விலை என்றேன். சமாதானம் ஆகவில்லை. அரசாங்கம் பெண், பெண்பிள்ளை அஃறிணை என்றால் யாருக்குத்தான் சமாதானம் ஆகும்? தமிழில் பொருளைப் பார்த்தே திணை தெரிந்துவிடும். அரசாங்கம் அஃறிணை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறுக்கங்கள் பிறந்ததே தாளை மிச்சம் பிடிக்க. டச்சு மொழியின் பேரகராதி 1864இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1998இல்தான் முடிந்தது, 40 தொகுதிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் பாலை முழுசாக எழுதியிருந்தால் இன்னும் எத்தனை தொகுதியோ! இன்று அகராதி போனுக்குள் இருக்கிறது, தாள் செலவே இல்லை. ஆனாலும் அதே ஒற்றை எழுத்துகள். அன்று விளக்கப் பக்கத்தைக் கரையான் தின்றது. இவள் வைத்திருக்கும் ஆப்பில் அப்படி ஒரு பக்கமே இல்லை.

டச்சு படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், 'டெ'யோ 'ஹெட்'டோ சேர்த்தே செய்யுங்கள். டச்சுக்காரன் நமக்கு விட்டுப்போன கக்கூசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதன் பின்பாதி அவர்கள் மொழியில் வீடு, வீடு நடுப்பால். ஆகவே அதற்கும் 'ஹெட்'.