அட்மின் பதவி காலி, தகுதி தேவையில்லை

கம்பெனி ஆவணங்களைக் கூட்டாக எழுதிவைக்க உதவும் கான்ஃப்ளுவன்ஸ் மென்பொருளுக்கு எண்ணத் தெரியும். 500 பேருக்கு உரிமம் வாங்கிவிட்டு 501ஆவது ஆளைச் சேர்த்துப் பாருங்கள். கண்டுபிடித்துவிடும். அப்புறம் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது, வாசிக்கலாம், அவ்வளவுதான். காசு விஷயத்தில் அப்படி ஒரு கறார்.

இதே மென்பொருளிடம் 2023 செப்டம்பரில், உரிமமும் இல்லாத, பாஸ்வேர்டும் இல்லாத ஒருவன் எங்கிருந்தோ வந்து "என்னை அட்மின் ஆக்கு" என்றான். ஆக்கிவிட்டது.

மென்பொருளை நிறுவும்போது முதல் அட்மினை உருவாக்க ஒரு தொடக்கப் பக்கம் உண்டு. வேலை முடிந்ததும் அது நிரந்தரமாக மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் 'நிறுவல் முடிந்ததா?' என்ற குறிப்பில் இருந்த 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றி அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க, வெளியிலிருந்து ஒரு முகவரியைத் தட்டினால் போதுமாக இருந்தது. தட்டுகிறவன் யார் என்று கேட்க நாதியில்லை. குடியேறிப் பல வருஷமான வீட்டு வாசலில் வழிப்போக்கன் ஒருவன் நின்று, "இங்கே இன்னும் கிரகப்பிரவேசமே ஆகவில்லையே" என்கிறான். "அப்படியா, மன்னிக்கணும்" என்று வீடே சாவிக்கொத்தை அவன் கையில் கொடுக்கிறது.

உள்ளே இருப்பதோ கம்பெனியின் குடல்: நெட்வொர்க் வரைபடம், வாடிக்கையாளர் விவரம், 'பாஸ்வேர்டை இங்கே எழுதாதீர்கள்' என்ற எச்சரிக்கைக்கு நேர் கீழே எழுதிவைத்த பாஸ்வேர்டு.

செப்டம்பர் 14 முதலே ஓர் அரசின் ஆதரவு பெற்ற கும்பல் இந்த வழியாக நுழைந்துகொண்டிருந்தது என்றது மைக்ரோசாஃப்ட். தயாரித்த அட்லாசியன் நிறுவனம் வாய் திறந்தது அக்டோபர் 4இல். ஓட்டையின் தீவிரம் பத்துக்குப் பத்து. பாதிப்பைச் சொன்ன வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தானாம். எண்ணுவதில்தான் சூரர்கள் ஆயிற்றே.

சரி, பட்டபின் புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், அக்டோபர் 31இல் இன்னொரு அறிவிப்பு. அதே தொடக்கப் பக்கங்களின் வரிசையில், பழைய நகலை மீட்டெடுக்கும் பக்கத்திலும் கேள்வி கேட்பாரில்லை. எவனும் தன் கோப்பை ஏற்றி, இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, அட்மினாக உட்காரலாம். அதிலும் ஓர் ஆறுதல் சொன்னார்கள் பாருங்கள்: தரவு அழியலாம், ஆனால் திருடுபோகாது, ஆகவே ரகசியத்துக்குப் பங்கமில்லை! அழிந்த ஆவணத்தை எவன் படிப்பான்? ஒரு வாரத்துக்குள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் செர்பர் என்ற ரான்சம்வேர் அந்தப் பக்கம் வழியாகவே புகுந்தது. 9.1 ஆக இருந்த தீவிரம் நவம்பர் 6இல் 10 ஆனது.

ஒரு கதவு திறந்து கிடந்தது தெரிந்த அன்றே பக்கத்துக் கதவைத் தள்ளிப் பார்க்க அட்லாசியனிடம் ஓர் ஆள் இல்லையா? இது யாருக்கும் தெரியாத நோயா? இணையச் செயலிகளின் பாதுகாப்பு அபாயங்களை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் அணுகல் உரிமைக் கோளாறுக்குத்தான் முதலிடம், 2017இல் ஐந்தாமிடம். வருகிற ஒவ்வொரு கோரிக்கையிடமும் சர்வர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: நீ யார், இதைச் செய்ய உனக்கு உரிமை உண்டா? திரையில் பட்டனை மறைத்துவிட்டு அதையே பாதுகாப்பு என்று கருதும் பொறியாளர்கள் உலகெங்கும் சம்பளம் வாங்குகிறார்கள்.

வாடிக்கையாளருக்குக் கிடைத்தது அறிவுரை. அட்மின் குழுவில் முன்பின் தெரியாத பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பேட்ச் போட முடியவில்லையா? சர்வரை இணையத்திலிருந்து கழற்றி வையுங்கள். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யவென்று விற்ற மென்பொருளுக்கு, விற்றவர்களே கொடுத்த வைத்தியம்: யாரும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.