ஆள் விழாத கோணம்

டெட்ராய்ட்டுக்குக் கேமராவோடு கிளம்புகிறீர்களா? நல்ல காரியம். முன்பெல்லாம் அந்த ஊரில் இடிந்த வீட்டையும் துருப்பிடித்த ஆலையையும் படமெடுத்து, வழவழ தாளில் கனத்த புத்தகமாகப் போடுவார்கள். எழவு வீட்டில் அழகு பார்த்த காலம். இப்போது அது பழைய சரக்கு, 'மீட்சி'க்குத்தான் மவுசு. அதற்கு இரண்டு இடம் போதும்.

முதலில் உட்வர்ட் சாலை, கலை அருங்காட்சியகம். வாசலில் ரோடானின் 'சிந்தனையாளர்' மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இந்த ஊர்க் கணக்கு வழக்கைப் பார்த்தவர் வேறெப்படி உட்காருவார்? உள்ளே நடுக்கூடத்தின் நான்கு சுவரிலும் டியேகோ ரிவேரா 1932–33இல் தீட்டிய தொழிலாளிகள். ஃபோர்டின் ரூஜ் ஆலையில் குனிந்து, இழுத்து, தள்ளும் உடம்புகள். பணம் போட்டவர் எட்செல் ஃபோர்டு. ரிவேரா வந்தது 1932 ஏப்ரலில். அதற்கு முந்தின மாதம்தான், அதே ரூஜ் ஆலைக்கு வேலை கேட்டு ஊர்வலம் போன பட்டினிக்காரர்களைப் போலீசும் ஃபோர்டின் காவலாட்களும் சுட்டார்கள். ஐந்து உயிர் போயிற்று. சுவரில் அந்த ஊர்வலத்தைத் தேடிக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள். ஃபிளாஷும் போடாதீர்கள், ஓவியத்துக்கு ஆகாது.

2013 ஜூலையில் நகரம் திவால் மனு போட்டது. கடன் ஏறக்குறைய 1,800 கோடி டாலர். கடன்காரர்களின் கண் இந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியது. கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனியார் வந்து விலை போட்டார்கள். ப்ரூகலின் 'கல்யாண நடனம்' ஓவியம் ஒன்றுக்கே 10 முதல் 20 கோடி டாலர். கனவான்கள் பதறினார்கள். அறக்கட்டளைகள், மாநில அரசு, அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்து 81 கோடியே 60 லட்சம் டாலருக்கு 'மாபெரும் பேரம்' முடித்தார்கள். பணம் ஓய்வூதிய நிதிக்கு; ஓவியங்கள் நகரத்தின் பிடியிலிருந்து தப்பி, தனி அமைப்பின் சொத்தாயின. பேரம் இல்லையென்றால் ஓய்வூதிய வெட்டு இன்னும் ஆழமாக விழுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஓவியத்தின் தலைக்கு வந்தது கிழவரின் தலைப்பாகையோடுதான் போயிற்று. நகராட்சியில் உழைத்து ஓய்ந்தவருக்கு ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு. விலைவாசிக்கேற்ற வருடாந்தர உயர்வு அடியோடு ரத்து. மருத்துவச் செலவுக்கு நகரம் கொடுத்து வந்ததிலும் பெருவெட்டு. சுவரில் நிற்கும் தொழிலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. செய்கூலி ரிவேராவுக்கு, சேதாரம் பென்ஷன்காரருக்கு.

அடுத்து நகர மையம், கிரிஸ்வால்ட் தெரு 1214. ரூஜ் ஆலையை வடிவமைத்த அதே ஆல்பர்ட் கான் 1929இல் எழுப்பிய கட்டடம். ஊரே காலியான காலத்தில் மானிய வாடகையில் ஏழை முதியவர்கள் இங்கே குடியிருந்தார்கள். அப்போது நகர மையத்தைச் சீந்த நாதியில்லை. கிழவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு பணம் திரும்பி வந்தது. 2013 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையில் நோட்டீஸ்: ஒரு வருடம் தவணை, காலி செய்யுங்கள். வாக்கரோடும் மாத்திரை டப்பாவோடும் அவர்கள் இறங்கிப் போனதும், சுவரைச் சுரண்டி, புது சமையலறை போட்டு, 'தி ஆல்பர்ட்' என்று பெயர் மாட்டினார்கள். செத்துப்போன கட்டடக் கலைஞருக்கு மரியாதை. உயிரோடிருந்த குடித்தனக்காரருக்கு மூட்டை முடிச்சு. இளசுகள் பல்வரிசை காட்டிய விளம்பரப் படம் ஊர்க்காரர்களிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது. வசவுக்கு வாடகை குறையுமா?

கேபிடல் பூங்காவிலிருந்து எடுங்கள். முகப்பு முழுசாக விழும். குறுக்கே ஆள் வராத நொடிக்காகக் காத்திருப்பது உங்கள் தொழிலில் பெரிய இம்சை அல்லவா? இங்கே அந்த இம்சை இல்லை. ஆட்களை உங்களுக்கு முன்பே அப்புறப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

தப்பித்தவறி, வெளியேற்றப்பட்ட பெரியவர் ஒருவர் பழைய ஞாபகத்தில் பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். கிட்டப் போய், கறுப்பு வெள்ளையில், சுருக்கம் தெரிய எடுங்கள். நாளைக்கு அருங்காட்சியகம் விலைக்குக் கேட்கலாம். வாங்கிவிட்டால் அவருக்கு ஒரு கவலையில்லை: குளிர்பதன வசதி, காப்பீடு, பக்கத்தில் ஒரு காவலாளி, காலி செய்யச் சொல்லாத ஒரு சுவர்.